இரண்டு கருவி, இரண்டு பதில்: எதை நம்புவது?

கேள்வி: நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை 22 குழந்தைகள். போன மாதம் ஒரு குழு வந்து எல்லோருக்கும் காது பரிசோதனை செய்தது. முதலில், காதுக்குள் சின்ன முனை ஒன்றை வைத்துப் பார்க்கும் கருவி. அதில் 6 பேருக்கு 'மறுபரிசோதனை தேவை' என்று வந்தது. அந்த ஆறு பேருக்கும் ஹெட்போன் மாட்டிப் பார்த்தார்கள். மூன்று பேர் தேறிவிட்டார்கள், இரண்டு பேர் தேறவில்லை, ஒரு பையன் ஹெட்போனைத் தொடவே விடாமல் அழுதான். கடைசியில் ஆறு பேருக்கும் ஒரே மாதிரிச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெற்றோர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒரு கருவி சரி என்கிறது, ஒன்று சரியில்லை என்கிறது, எதை நம்புவது?" என்கிறார் ஒரு அம்மா. "பிறந்தபோதே பார்த்தாயிற்று, எல்லாம் நன்றாக இருந்தது" என்கிறார் இன்னொருவர். எனக்கு உண்மையில் சந்தேகம் இருப்பது வேறொரு பையன் மேல். பின்னாலிருந்து கூப்பிட்டால் சில நாள் திரும்புகிறான், சில நாள் இல்லை. பேசும்போது என் வாயையே பார்க்கிறான். எதைச் சொன்னாலும் முதலில் பக்கத்துப் பையனைப் பார்த்துவிட்டு அதன்பின் செய்கிறான். ஆனால் அவன் முதல் கருவியிலேயே தேறிவிட்டான்! எங்கள் தலைமை ஆசிரியையோ, "நாங்களெல்லாம் பின்னால் நின்று மணி அடித்துத்தான் பார்ப்போம், அது போதும்" என்கிறார். நான் என்ன செய்ய? அந்தப் பையனை வகுப்பில் எங்கே உட்கார வைப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில்: மணியை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். மணியோ கைதட்டலோ ஒற்றை ஒலி அல்ல. பல சுருதிகள் கலந்து வரும். அதில் ஒன்றிரண்டு காதில் விழுந்தாலே குழந்தை திரும்பிவிடும். அதோடு அது பலமான சத்தம். சாதாரணப் பேச்சு சுமாராக 60 டெசிபல், கிசுகிசுப்பு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனிங்கில், அதாவது யாருக்கு முழுப் பரிசோதனை தேவை என்று பிரித்தெடுக்கும் முதற்கட்டச் சோதனையில், காது பரிசோதிக்கும் நாங்கள் தேடுவது 20 டெசிபல் அளவிலான மெல்லிய ஒலி கேட்கிறதா என்று. இடது காது மட்டும் கேட்காத குழந்தையும் மணிக்குத் திரும்பும். பின்னால் நிற்பவரின் நிழலைப் பார்த்துத் திரும்பும். எதிரே இருக்கும் தோழியின் கண் போகிற திசையைப் பார்த்தும் திரும்பும். நான்கு வயதுக் குழந்தைகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள்.

மணி தவறவிடுவது எது என்பதற்கு ஓர் உதாரணம். பட்டம், கட்டம், சட்டம் என்று மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். உயிரொலிகள் பலமானவை, அவற்றின் வலு பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கும். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் மெலிந்தவை, பலவும் உயர்ந்த சுருதிப் பக்கம் ஒதுங்கியவை. உயர்சுருதி மட்டும் குறைந்த குழந்தைக்கு இந்த மூன்றும் ஏறக்குறைய 'அட்டம்' என்றுதான் விழும். நீங்கள் கூப்பிட்டால் திரும்பும், கதவு சாத்தினால் திரும்பும், பாட்டுப் போட்டால் ஆடும். ஆனால் 'பட்டத்தை எடு' என்றால் கட்டத்தைப் பார்க்கும். கவனம் இல்லாத பிள்ளை என்று பெயர் வாங்கும்.

சரி, இரண்டு கருவிகளுக்கு வருவோம். அந்த அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. அதனால் பதில் வேறாக வந்தால் ஒன்று பொய் என்று ஆகாது.

காதுக்குள் முனை வைத்துப் பார்த்தது ஓஏஇ என்ற சோதனை. நம் உட்காதில், நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் பகுதியில், மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் வெளி வரிசையில் இருப்பவை வருகிற ஒலிக்கு ஏற்ப நீண்டு சுருங்கும். அந்த அசைவில் மிக மெல்லிய ஒலி ஒன்று பிறந்து, வந்த வழியே வெளியே திரும்பிவரும். காது ஒலியைக் கேட்பது மட்டுமல்ல, ஒலியை எழுப்பவும் செய்கிறது என்பதை 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் அளந்து காட்டினார். அதுவரை நம்பாதவர்கள் நிறையப் பேர். முனையில் இருக்கும் குட்டி ஒலிபெருக்கி சத்தத்தை அனுப்பும், அருகிலேயே இருக்கும் மைக் திரும்பி வருவதைப் பிடிக்கும். குழந்தை கை தூக்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். அசையாமல், பேசாமல், விரல் சப்பாமல் இருந்தால் போதும். ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

இதில் ஒரு சிக்கல். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, ஒலி இரண்டு முறை நடுக்காதைக் கடக்க வேண்டும். நடுக்காதில் கொஞ்சம் சளிநீர் தேங்கியிருந்தாலும், காற்றழுத்தம் சற்றுக் குறைந்திருந்தாலும், ஏற்கெனவே மெலிந்த அந்த எதிரொலி மைக்கை எட்டாது. வாசலில் குறும்பி அடைத்திருந்தாலும் அப்படித்தான். அழுகிற குழந்தையிடம் கேட்கவே வேண்டாம், அழுகைச் சத்தமே எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். உட்காது முழு ஆரோக்கியத்தோடு இருந்தும் கருவி 'மறுபரிசோதனை' என்று சொல்ல இத்தனை வழி.

ஹெட்போன் சோதனை வேறு வகை. அதில் பதில் சொல்வது செல்கள் அல்ல, குழந்தை. ஒலி காதில் நுழைந்து, நரம்பு வழியே மூளைக்குப் போய், 'ஆங், கேட்டது' என்று குழந்தை முடிவு செய்து, கையை அசைக்கிற வரை முழுப் பாதையும் அதில் இருக்கிறது. மழலையருக்கு இதை விளையாட்டாகச் செய்வோம். ஒரு கூடை, ஒரு கைப்பிடி மரக்கட்டைகள். குழந்தை ஒரு கட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். 'பீப்' கேட்டதும் கூடைக்குள் போட வேண்டும். முதலில் 40 டெசிபல் அளவில், நன்றாகக் கேட்கும்படி கொடுத்து, கையைப் பிடித்து இரண்டு மூன்று தடவை சேர்ந்து போடுவோம். பழகியதும் 20 டெசிபலுக்கு இறங்குவோம். 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் என்று மூன்று சுருதி, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு முறை. ஆறில் ஒன்றுக்குக் கட்டை விழாவிட்டாலும் அது தேர்ச்சி இல்லை. ஹெட்போனைக் கழற்றிச் சரியாக மாட்டி, விளையாட்டை மறுபடி சொல்லிக்கொடுத்து, அன்றைக்கே இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு, என் சொந்த ஓட்டையையே சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், பட்டனை அழுத்தியதும் தலை நிமிர்ந்து குழந்தையின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் நிமிர்ந்தால் கட்டை விழும். 'டப்' 'டப்' என்று ஒன்றுவிடாமல் போட்டாள், நானும் சந்தோஷமாகத் தேர்ச்சி போட்டேன். சில மாதம் கழித்து அவளுடைய அம்மா, வலது பக்கம் போனை வைத்தால் உடனே இடது பக்கம் மாற்றிக்கொள்கிறாள் என்று சொல்லி அழைத்துவந்தார். வலது காதில் நல்ல குறை இருந்தது. அதிலிருந்து குழந்தையைப் பக்கவாட்டில் திருப்பி உட்கார வைப்பேன், என் கை தெரியாமல் பார்த்துக்கொள்வேன், 'பீப்'புக்கு 'பீப்' ஒரே இடைவெளி விடமாட்டேன். சில சமயம் ஒலியே கொடுக்காமல் காத்திருப்பேன். அப்போதும் கட்டை விழுந்தால், குழந்தை என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அறைச் சத்தம் இன்னொன்று. ஃபேன், நடைபாதைப் பேச்சு, பக்கத்து வகுப்புப் பாட்டு எல்லாம் தாழ்ந்த சுருதியை முதலில் விழுங்கிவிடும். அதனால்தான் ஸ்கிரீனிங்கில் 500 ஹெர்ட்ஸைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நல்ல குழு என்றால், தொடங்கும் முன் காது நன்றாகக் கேட்கும் ஒருவர் அதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே அறையில், சோதனை அளவைவிட 10 டெசிபல் குறைவான ஒலி கேட்கிறதா என்று பார்ப்பார். கேட்கவில்லை என்றால் அந்த அறை ஆகாது. அடுத்த முறை குழு வரும்போது இதை மட்டும் கவனியுங்கள். வந்தவர்களுக்கு வேலை தெரியுமா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் ஆறு பேரையும் மூன்று கூட்டமாகப் பிரிக்கிறேன். ஒரே சீட்டைக் கொடுத்தது அந்தக் குழு செய்த தவறு.

ஓஏஇ-யில் தேறாமல் ஹெட்போனில் தேறிய மூன்று பேர். இந்த வயதில் இப்படி வந்தால் முதலில் நடுக்காதைத்தான் சந்தேகிப்பேன். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கும். சளி பிடித்தால் சுலபமாக அடைத்துக்கொள்ளும், உள்ளே நீர் தேங்கும். பள்ளி வயதுக்கு முன் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது இது வருகிறது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. கேட்கும் திறன் சராசரியாக 25 டெசிபல் வரை இறங்கும். சிலருக்கு ஒன்றுமே இறங்காது, சிலருக்கு அதிகம் இறங்கும். கொஞ்சமாக இறங்கியவர்கள் ஹெட்போனில் தேறிவிடுவார்கள். தாழ்ந்த சுருதியில்தான் குறை அதிகம் என்றால், நாம் அந்தச் சுருதியைச் சோதிக்கவே இல்லையே!

இந்த மூவருக்கும் செய்ய வேண்டியது டிம்பனோமெட்ரி. இது மூன்றாவது கருவி. காது கேட்கிறதா என்று இது பார்க்காது, செவிப்பறை அசைகிறதா என்று மட்டும் பார்க்கும். காதுக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது செவிப்பறை நன்றாக அசைந்தால் வரைபடத்தில் ஒரு மலை வரும். பின்னால் நீர் தேங்கியிருந்தால் மலை இருக்காது, வெறும் தட்டைக் கோடுதான். எட்டுப் பத்து வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம், பெரும்பாலும் தானே வற்றியிருக்கும். மூன்று மாதம் ஆகியும் வற்றவில்லை என்றால் முழு செவித்திறன் பரிசோதனை வேண்டும். அந்த இடைவெளியில் அலர்ஜி மாத்திரை, மூக்கடைப்பு மருந்து என்று கொடுப்பதால் இந்த நீர் வற்றுவதில்லை. பேச்சு தாமதமாக இருக்கும் குழந்தை, அண்ணப் பிளவு உள்ள குழந்தை, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை என்றால் மட்டும் இந்தக் காத்திருப்பு கூடாது, நேராக நிபுணரிடம் போக வேண்டும்.

இரண்டிலும் தேறாத இருவர். இவர்களுக்குக் காத்திருப்பு இல்லை, இன்னொரு ஸ்கிரீனிங்கும் வேண்டாம். நேராக முழுப் பரிசோதனை. காது மருத்துவர் உள்ளே பார்ப்பார், செவித்திறன் நிபுணர் ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளப்பார். எலும்பு வழியாக ஒலியை அனுப்பிப் பார்த்து, குறை நடுக்காதிலா உட்காதிலா என்று பிரிப்பார். அதுவும் நடுக்காது நீராகவே இருக்கலாம். ஆனால் அதை ஊகத்தில் விடக்கூடாது.

அழுத பையன். இவனுடைய சீட்டில் 'சோதிக்க முடியவில்லை' என்று இருக்கும். பல இடங்களில் இது அப்படியே தேர்ச்சியாக நழுவிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கணக்கில் அது தேறாததற்குச் சமம். வயரில்லாத பழைய ஹெட்போன் ஒன்றை விளையாட்டு மூலையில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். விமானி விளையாட்டு விளையாடட்டும், கரடி பொம்மைக்கு மாட்டட்டும். அப்புறம் மறுபடி முயலலாம். அப்போதும் முடியாவிட்டால் மூன்றாவது முறைக்குக் காத்திராமல் நிபுணரிடம் அனுப்புங்கள். குழந்தை ஒத்துழைக்கவே வேண்டாத சோதனைகளும் இருக்கின்றன. தலையில் சின்ன மின்முனைகளை ஒட்டி, தூங்கும்போதே நரம்பின் பதிலைப் பதிவு செய்யும் பெரா அதில் ஒன்று.

பிறந்தபோது பார்த்தாயிற்று என்ற பெற்றோருக்கு. அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் அது அன்றைய நிலவரம். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் பிறக்கும்போதே நிரந்தரக் குறையோடு பிறக்கிறார்கள். அதன் பிறகு சேர்கிறவர்கள் வேறு. சில மரபணுக் காரணங்கள் மெதுவாகத்தான் வெளிப்படும். கருவில் தொற்றிய சைட்டோமெகலோ வைரஸ் பிறந்த பின்னும் வருடக்கணக்கில் கேட்கும் திறனைக் குறைக்கலாம். பொன்னுக்குவீங்கி வந்து ஒரு பக்கக் காது மட்டும் போன குழந்தைகள் உண்டு. மூளைக்காய்ச்சல் வகைகளில் மூளையுறை அழற்சி வந்திருந்தால் உடனே சோதிக்க வேண்டும், தாமதித்தால் உட்காதுச் சுருளுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடக்கூடும். அதோடு, பிறந்த குழந்தைக்கான ஸ்கிரீனிங் லேசான குறைகளைப் பிடிப்பதற்காக அமைந்தது அல்ல.

கடைசியாக, தேறிய பையன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இவன்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் சில நாள் திரும்புகிறான், சில நாள் இல்லை என்றும், பேசும்போது உங்கள் வாயையே பார்க்கிறான் என்றும், எதைச் சொன்னாலும் முதலில் பக்கத்துப் பையனைப் பார்த்துவிட்டு அதன்பின் செய்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். அவனை அனுப்புங்கள். தேர்ச்சிச் சீட்டைக் காட்டி யாராவது வேண்டாம் என்றாலும் அனுப்புங்கள். தினமும் பல மணி நேரம் ஒரு குழந்தையைப் பார்க்கிற ஆசிரியையின் சந்தேகமே முழுப் பரிசோதனைக்குப் போதுமான காரணம். ஒரு நிமிடக் கருவி அதை ரத்து செய்ய முடியாது.

அந்தக் கருவியால் எது முடியாது என்றும் பாருங்கள். 30, 40 டெசிபலுக்கு மேற்பட்ட குறையில்தான் எதிரொலி பொதுவாக மறையும். அதற்குக் கீழான லேசான குறையோடு ஒரு குழந்தை தேறிவிடலாம். இன்னொன்று, வெளி வரிசைச் செல்கள் நன்றாக இருந்து, அங்கிருந்து நரம்புக்குப் போகும் செய்தி மட்டும் குழம்பிப்போகிற நிலை ஒன்று உண்டு. ஓஏஇ பளிச்சென்று வரும், ஆனால் குழந்தைக்குப் பேச்சு உடைந்து உடைந்து கேட்கும், அதிலும் சத்தமான இடத்தில் ஒன்றும் புரியாது. ஒரு நாள் நன்றாகக் கேட்டு ஒரு நாள் கேட்காதது போலத் தோன்றும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளிடமும், பிறந்தவுடன் மஞ்சள்காமாலை கடுமையாக வந்த குழந்தைகளிடமும் இதை அதிகம் பார்க்கிறோம். அவன் பிறந்த கதையைப் பெற்றோரிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். இவனுக்கு ஹெட்போன் சோதனையே நடக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம், முதல் கருவியில் தேறியதால் இரண்டாவது வரைக்கும் போகவில்லை. எல்லாம் சரியாக இருந்து, அது மொழிப் பிரச்சினையாகவோ கவனப் பிரச்சினையாகவோ முடியவும் கூடும். அதையும் காது பார்த்த பின்தான் சொல்ல முடியும்.

அனுப்பும்போது 'காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்த நேரம், வகுப்பு அமைதியாக இருந்ததா சத்தமாக இருந்ததா, எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டீர்கள், அவன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானா. இப்படி ஒரு தாளோடு வரும் குழந்தைக்கு எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று எனக்கு வாசலிலேயே தெரிந்துவிடும்.

பெற்றோரிடம் பேசும்போது ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். குழந்தை தோற்றுவிட்டது என்ற மாதிரி ஒரு சொல்லும் வேண்டாம், குழந்தைகள் எதிரில் 'தேறவில்லை' என்றும் வேண்டாம். "இன்னொரு முறை நன்றாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், இந்தத் தேதிக்குள் போய்வந்து என்னிடம் சொல்லுங்கள்" என்றால் போதும். தேதி முக்கியம். ஸ்கிரீனிங் வீணாவது பெரும்பாலும் கருவியால் அல்ல, பைக்குள் போன சீட்டு வெளியே வராததால். ஏழு பெயர், ஏழு தேதி, போய்வந்தார்களா என்று ஒரு கட்டம். உங்கள் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கமே போதும்.

உட்காரும் இடம். முடிவு தெரியும் வரை அவனை உங்களுக்கு அருகில், உங்கள் முகம் தெரிகிற இடத்தில் வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசாதீர்கள், வெளிச்சம் பின்னால் இருந்தால் உங்கள் வாய் அவனுக்கு இருட்டாகத் தெரியும். ஃபேனுக்கு நேர் கீழேயும், நடைபாதைக் கதவுப் பக்கமும் வேண்டாம். பேச ஆரம்பிக்கும் முன் பெயரைச் சொல்லி, அவன் நிமிர்ந்து பார்த்த பிறகு பேசுங்கள். அந்தப் பக்கத்துப் பையனை மட்டும் இப்போதைக்கு இடம் மாற்றிவிடாதீர்கள், அவனைப் பார்த்துத்தான் இவன் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறான்.